‘இருந்தால்’ எங்கே இடறுகிறது: குரோஷிய நிபந்தனை வாக்கியங்களில் பிழை நீக்கும் வழிமுறை

குரோஷியாவுக்கு வந்த முதல் வருடம். வெளியே நல்ல மழை. கூட வேலை பார்க்கும் பெண் டிராம் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ‘என்கிட்ட கார் இருந்தா உன்னை வீட்டில் விட்டிடுவேன்’ என்று ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். ‘அக்கோ’ என்றால் ‘ஆல்’ என்று படித்திருந்தேன் அல்லவா, தைரியமாக எடுத்துவிட்டேன்: ‘அக்கோ இமாம் அவுத்தோ, ஒத்வெஸ்த் ச்சு தே.’ கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. ‘பா இமாஷ் லி?’ என்றாள். ‘சரி, இருக்கா?’

இல்லை. அதைத்தானே சொன்னேன்!

நான் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அது ‘கார் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருந்தால் கொண்டுபோய் விடுகிறேன்’ என்னும் வாக்கியம். நான் சொல்ல நினைத்தது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘இருந்தால்’ போதும். குரோஷிய மொழியில் போதாது. தமிழர் இந்த மொழியில் செய்யும் நிபந்தனைப் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை இதுதான்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. குரோஷிய மொழியை லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். இங்கே காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘பிஹ்’, ‘பி’, ‘பிலா’, ‘பூதெம்’, ‘போகாத்தா’, ‘பாபா’ ஆகியவற்றின் முதல் எழுத்து, பஸ் என்னும்போது வரும் ப. ‘தா’, ‘தோஷ்லா’ இவற்றில் வருவது தானம், தர்மம் என்பதில் வரும் த. அப்புறம், நான் பெண் என்பதால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் ‘லா’ என்று முடியும். ஆண்கள் ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

முதல் சோதனை: எந்த ‘ஆல்’?

‘நேரம் இருந்தால் வருவேன்.’ இந்த ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடியலாம், முடியாமலும் போகலாம், முடிந்தால் நிச்சயம் வருவேன் என்ற பொருளில்: ‘அக்கோ பூதெம் இமாலா வ்ரெமெனா, தோச்சி ச்சு.’

நேரம் கிடைக்கும் என்று பெரிய நம்பிக்கை இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு: ‘காத் பிஹ் இமாலா வ்ரெமெனா, தோஷ்லா பிஹ்.’

நேரம் இல்லவே இல்லை, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்: ‘தா இமாம் வ்ரெமெனா, தோஷ்லா பிஹ்.’

நான்காவது ஒன்று உண்டு, அதைத் தமிழும் தனியாகப் பிரித்துச் சொல்கிறது. ‘நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்.’ அது: ‘தா சாம் இமாலா வ்ரெமெனா, தோஷ்லா பிஹ்.’

ஆக, வாயைத் திறக்கும் முன் மனதுக்குள் ஒரு கேள்வி: இது நடக்கக்கூடியதா, வெறும் யோசனையா, இல்லவே இல்லாததா? நடக்கக்கூடியது என்றால் ‘அக்கோ’. யோசனை என்றால் ‘காத்’தும் ‘பிஹ்’ஷும். இல்லாதது என்றால் ‘தா’. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள வேலி உயரம் குறைவு; ஊர்க்காரர்களே இஷ்டத்துக்குத் தாண்டுவார்கள். அங்கே தவறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தவறினால்தான் ‘சரி, இருக்கா?’ என்ற கேள்வி வரும்.

மூன்றாவது வகை மனதில் தங்க ஒரு பழமொழி இருக்கிறது. ‘தா யே பாபா முஷ்கோ, ஸ்வாலா பி சே தூஷ்கோ.’ பாட்டி ஆணாக இருந்தால் அவள் பெயர் தூஷ்கோவாக இருக்கும். ‘அப்படி மட்டும் நடந்திருந்தா’ என்று யாராவது புலம்ப ஆரம்பித்தால் வாயை அடைக்கச் சொல்வது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. நான் இந்தப் பழமொழியைக் கேட்ட அன்றுதான் ‘தா’வின் குணம் புரிந்தது. ‘தா’ வந்துவிட்டால் அத்தைக்கு மீசை முளைக்காது.

அறிகுறி: ‘எதற்காக?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்

‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்று சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்குகிறார். பெரும்பாலும் நீங்கள் சொன்னது இப்படி இருந்திருக்கும்: ‘தா பிஹ் இமாலா நோவ்ட்ஸா, கூப்பிலா பிஹ் கூச்சு.’

‘தா’வும் சரியான சொல், ‘பிஹ்’ஷும் சரியான சொல். இரண்டையும் ஒட்டவைத்தால் பொருளே மாறிவிடும். ‘தா பிஹ்’ என்றால் ‘நான் இன்னது செய்வதற்காக’. ‘ராதிம் தா பிஹ் இமாலா நோவ்ட்ஸா’ என்றால் ‘கையில் காசு இருக்க வேண்டும் என்பதற்காக வேலை செய்கிறேன்.’ ஆகவே மேலே சொன்ன வாக்கியம் அவர் காதில் ‘கையில் காசு இருப்பதற்காக வீடு வாங்குவேன்’ என்று விழுந்திருக்கிறது. நல்ல முதலீட்டு யோசனைதான். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல.

சரிசெய்வது சுலபம். நிபந்தனைப் பகுதியில் ‘தா’ வந்தால் அங்கே ‘பிஹ்’ குடும்பம் (ஆளுக்கு ஏற்ப பிஹ், பி, பிஸ்மோ, பிஸ்தே என்று மாறும்) வரக்கூடாது. சாதாரண நிகழ்காலமோ இறந்தகாலமோ மட்டும். ‘காத்’ வந்தால் ‘பிஹ்’ கட்டாயம். விளைவைச் சொல்லும் பகுதியில் இரண்டுக்குமே ‘பிஹ்’ உண்டு. எழுதியதைச் சரிபார்க்கும்போது ‘தா பிஹ்’, ‘தா பி’, ‘தா பிஸ்மோ’ என்பவற்றை மட்டும் கண்ணால் தேடுங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, நான் சொல்ல வந்தது ‘இதற்காக’ என்பதா, ‘ஆல்’ என்பதா என்று கேளுங்கள்.

அறிகுறி: நேற்றைச் சொன்னேன், இன்றைக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்

இது ‘சாம்’ செய்யும் வேலை. ‘சாம்’ என்றால் ‘இருக்கிறேன்’. அதே ‘சாம்’ இன்னொரு வினையோடு சேர்ந்தால் இறந்தகாலம் ஆகிவிடும். ‘தா சாம் இமாலா’ என்றால் ‘இருந்திருந்தால்’, நேற்று. சரி. ஆனால் ‘தா சாம் போகாத்தா’ என்றால்? ‘போகாத்தா’ வினை அல்ல, ‘பணக்காரி’. அதனால் இது இன்று: ‘நான் பணக்காரியாக இருந்தால்.’ நேற்றாக்க வேண்டும் என்றால் ‘தா சாம் பிலா போகாத்தா’.

‘சாம்’ கண்ணில் பட்டதும் இறந்தகாலம் என்று முடிவுகட்டாமல் அடுத்த சொல்லைப் பாருங்கள். அது பண்பையோ இடத்தையோ சொல்கிறதா, அப்போது இன்று. ‘தா சாம் நா த்வோம் ம்யெஸ்து’ என்பதும் இப்படித்தான்: ‘நான் உன் இடத்தில் இருந்தால்.’ இந்த வாக்கியம் மட்டும் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் அப்படியே வருகிறது, அனுபவியுங்கள்.

எதிர்மறையில் இன்னொரு சின்னச் சிக்கல். ‘நீ இல்லாமல் போயிருந்தால் நான் தாமதமாகியிருப்பேன்’ என்பதற்கு ‘தா நியே பிலோ தேபே, ஸகாஸ்னிலா பிஹ்’ என்பார்கள். ‘நீ’ என்பதற்கு ‘தி’ வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே அது வேற்றுமை ஏற்று ‘தேபே’ ஆகிவிடுகிறது, வினையும் பொதுவாக ‘பிலோ’ என்றே நிற்கிறது. ஏன் என்று தோண்டாமல் இதை ஒரே துண்டாக மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. நன்றி சொல்ல அடிக்கடி பயன்படும் வாக்கியம்.

புத்தகத்தில் ‘இரண்டாம் நிபந்தனை’ என்று ஒன்று பயமுறுத்தும்: ‘பிலா பிஹ் தோஷ்லா’, ‘வந்திருப்பேன்’. தமிழுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறதே என்று நான் ஆசையாகக் கற்றுக்கொண்டேன். பிறகு கவனித்தால் பேச்சில் அதை அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். ‘தா சாம்’ என்று ஆரம்பித்ததுமே நேற்று என்று தெரிந்துவிடுகிறது, அப்புறம் ‘தோஷ்லா பிஹ்’ போதும். படித்தால் புரிந்தால் சரி.

அறிகுறி: எல்லாச் சொல்லும் சரி, ஆனாலும் வாக்கியம் நொண்டுகிறது

வரிசையைப் பாருங்கள். முக்கியமாகக் காற்புள்ளிக்கு அடுத்த சொல்லை. ‘காத் பிஹ் இமாலா வ்ரெமெனா, பிஹ் தோஷ்லா’ என்று எழுதியிருக்கிறீர்களா? அதுதான் நொண்டல்.

‘பிஹ்’ தனியாக நிற்கத் தெம்பில்லாத சொல். முன்னால் ஒரு சொல்லின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். நம்முடைய ‘தான்’, ‘கூட’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நான்தான் வந்தேன்’ என்போம். ‘தான் நான் வந்தேன்’ என்று அந்தப் பொருளில் யாரும் ஆரம்பிக்க மாட்டோம். ஒவ்வொரு வாக்கியத் துண்டிலும் ‘பிஹ்’ஷின் இடம் இரண்டாவது. காற்புள்ளிக்குப் பின் புதுத் துண்டு ஆரம்பிக்கிறது. எனவே அங்கே முதலில் வேறு ஏதாவது ஒரு சொல் வரவேண்டும். வழக்கமாக வினை: ‘தோஷ்லா பிஹ்.’ ‘நான்’ என்று அழுத்த வேண்டுமென்றால் ‘யா பிஹ் தோஷ்லா.’ ‘இ’ என்ற உம்மைச் சொல்லுக்குத் தோள் கிடையாது. ‘இ பிஹ்’ வராது, ‘இ தோஷ்லா பிஹ்’.

‘நே’ மட்டும் பலசாலி. ‘நே பிஹ்’ என்று தாராளமாக ஆரம்பிக்கலாம். அதே போல் கேள்விச் சொல்லான ‘லி’ பின்னால் வந்தால் ‘பி’ குடும்பம் முன்னுக்கு வந்துவிடும்: ‘பிஸ்தே லி மி மோக்லி போமோச்சி?’ ‘கொஞ்சம் உதவ முடியுமா?’ இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, ‘அப்போ பிஸ்தே முதலில் வரலாமே’ என்று நான் ஆறு மாதம் எல்லா இடத்திலும் முன்னால் போட்டுக்கொண்டிருந்தேன். ‘லி’ இருந்தால் மட்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ‘உனக்கு’, ‘அதை’ போன்ற குட்டிச் சொற்களும் இதே இரண்டாவது இடத்துக்குத்தான் ஓடி வரும். நான்கு பேருக்கு ஒரே நாற்காலி. யார் மடியில் யார் உட்கார்வது என்பதற்கு மாறாத வரிசை உண்டு: முதலில் ‘லி’, அடுத்து வினைத்துணை (‘பிஹ்’, ‘சாம்’, ‘ச்சு’), அடுத்து ‘உனக்கு, அவனுக்கு’, அடுத்து ‘அதை, அவனை’, அடுத்து ‘சே’ (தன்னை), எல்லோருக்கும் கடைசியில் ‘யே’ (அவன், அவளுக்கு வரும் வினைத்துணை).

மெதுவாக ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம். ‘அவனுக்கு அதைக் கொடுப்பேன்’: வினை ‘தாலா’, அதன் தோளில் ‘பிஹ்’, பின்னால் ‘மு’ (அவனுக்கு), ‘கா’ (அதை). ‘தாலா பிஹ் மு கா.’ இப்போது முன்னால் ‘காத்’ வந்தால் எல்லாக் குட்டிகளும் தோள் மாறிவிடும்: ‘காத் பிஹ் மு கா தாலா.’ நேற்றாக்கினால்: ‘தா சாம் மு கா தாலா.’ நான் கொடுத்திருந்தால். அவள் கொடுத்திருந்தால்? ‘சாம்’ போய் ‘யே’ வருகிறது, ‘யே’ எப்போதும் கடைசி: ‘தா மு கா யே தாலா.’ ‘சாம்’ முன்னால், ‘யே’ பின்னால்; வேலை இரண்டுக்கும் ஒன்றே. இந்த அநியாயத்தை வகுப்பில் கேட்டபோது ஆசிரியை தோளைக் குலுக்கினார். நானும் இப்போது குலுக்கப் பழகிவிட்டேன்.

இந்த நான்கு வாக்கியங்களையும் பாத்திரம் கழுவும்போது சத்தமாகச் சொல்லுங்கள். வரிசையை மூளை யோசிக்கக்கூடாது, நாக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: காபிக் கடையில் சிரிக்கிறார்கள்

பெண்ணாக இருந்தால் இது கட்டாயம் நடக்கும். நான் கையில் வைத்திருந்த பயணிகள் கையேட்டில் ‘வேண்டும்’ என்று பணிவாகக் கேட்க ‘ஹ்தியோ பிஹ்’ என்று போட்டிருந்தது. மூன்று மாதம் ஜாக்ரெப்பின் காபிக் கடைகளில் ‘ஹ்தியோ பிஹ் காவு’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். (காவு என்றதும் பயப்பட வேண்டாம், காபிதான்.) நான் கேட்டதற்குத் தமிழில் ஏதாவது சமமாகச் சொல்ல வேண்டுமானால், புடவை கட்டிக்கொண்டு ‘நான் காபி கேட்கிறவன்’ என்பது போல.

‘பிஹ்’ஷோடு வரும் வினை, பேசுகிறவர் ஆணா பெண்ணா என்று காட்டும். ஆண் என்றால் ‘ஓ’, பெண் என்றால் ‘லா’: இமாவோ, இமாலா, கூப்பியோ, கூப்பிலா, தோஷாவோ, தோஷ்லா. இலக்கணத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது, நான் ‘ஓலா வடிவம்’ என்று வைத்துக்கொண்டேன். ஆட்டோ நினைவுக்கு வந்தால் இன்னும் நல்லது, மறக்காது. தமிழில் ‘வருவேன்’ என்பது இருபாலுக்கும் பொது. ‘வந்தான், வந்தாள்’ என்று படர்க்கையில்தான் பால் காட்டுகிறோம். இங்கே ‘நான்’ என்னும்போதும் காட்ட வேண்டும். அதுதான் இடறல்.

சில வினைகள் ஊகிக்க முடியாதபடி மாறும். ‘இச்சி’ (போ) என்பது இஷாவோ, இஷ்லா. ‘மோச்சி’ (முடியும்) என்பது மோகாவோ, மோக்லா. ‘ஹ்த்யேத்தி’ (விரும்பு) என்பது ஹ்தியோ, ஹ்த்யேலா. சந்தேகம் வந்தால் ஹ்ர்வாத்ஸ்கி யெஸிச்னி போர்த்தால் என்ற இலவச இணைய அகராதியில் வினையைத் தட்டினால் வடிவங்களும் கிடைக்கும்.

பன்மையில் ஆண்களோ கலந்த கூட்டமோ என்றால் வினை ‘லி’ என்று முடியும் (கேள்விச் சொல்லான ‘லி’ வேறு), பெண்கள் மட்டும் என்றால் ‘லே’. ஐம்பது பெண்களும் ஒரே ஒரு பையனும் இருந்தாலும் ‘லி’தான், இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. மரியாதைக்கு ‘நீங்கள்’ என்னும்போது எதிரில் ஒரே ஒரு அம்மா நின்றாலும் பன்மைதான், அதுவும் ‘லி’: ‘பிஸ்தே லி ஹ்த்யேலி காவு?’ ‘காபி சாப்பிடுகிறீர்களா?’ ‘நீங்கள்’ என்றதும் ‘ஈர்கள்’ தானாக வரும் நமக்கு இது எளிது.

காபிக் கடைக்கு இன்னும் நல்ல குறுக்கு வழி: வினையையே விட்டுவிடுங்கள். ‘யா பிஹ் காவு ஸ் ம்லியெக்கோம்.’ எனக்குப் பால் காபி. வினையே இல்லாததால் ஓவும் இல்லை லாவும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

அறிகுறி: நாளைய விஷயத்தைச் சொன்னால் திருத்துகிறார்கள்

‘நாளைக்கு மழை பெய்தால் வீட்டிலேயே இருப்போம்.’ நாளை என்பதால் எதிர்காலத்தின் ‘ச்சு, ச்செஷ், ச்சே’வைத் தூக்கி ‘அக்கோ’வுக்குப் பின்னால் போடுகிறோம்: ‘அக்கோ ச்சே பாதாத்தி கிஷா.’ பேச்சில் ஊர்க்காரர் வாயிலும் இப்படி எப்போதாவது கேட்கும். தேர்வில் எழுதினால் சிவப்பு மை.

‘அக்கோ’வுக்குப் பின் வரவேண்டியது ‘பூதெம்’ குடும்பம்: பூதெம், பூதெஷ், பூதே, பூதெமோ, பூதெத்தே, பூது. (பூதம் என்று படித்து நினைவில் வைத்தேன்.) பின்னால் அதே ஓலா வடிவம். ‘அக்கோ பூதே பாதாலா கிஷா, ஒஸ்தாத் ச்செமோ கோத் கூச்சே.’ மழை பெண்பால், அதனால் ‘பாதாலா’. ‘அக்கோ பாதா கிஷா’ என்று நிகழ்காலத்தில் விட்டால் ‘இப்போது மழை பெய்துகொண்டிருந்தால்’ என்றுதான் முதலில் படும்.

ஆனால் ‘அக்கோ தோஜெஷ்’, ‘நீ வந்தால்’, என்பதில் பூதமே இல்லையே? இல்லை, தேவையுமில்லை. குரோஷிய வினைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும்: ஒன்று முடிந்துபோகும் செயல், இன்னொன்று நீண்டுகொண்டே போவது. ‘தோச்சி’ (வா) முடிந்துபோவது. அதன் நிகழ்கால வடிவமே ‘அக்கோ’வுக்குப் பின் எதிர்காலத்தைச் சுமக்கும். எது எந்த வகை என்று தெரியவில்லையா? ‘இப்போ என்ன பண்றே?’ என்ற கேள்விக்கு அந்த வினையின் நிகழ்காலத்தைப் பதிலாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ‘தோஜெம்’ என்று பதில் சொல்ல முடியாது, ஆகவே முடிந்துபோவது, பூதம் வேண்டாம். மழை ‘பாதா’ என்று சொல்லலாம், ஆகவே நீளுவது, பூதம் வேண்டும். ‘இரு’ என்ற வினைக்குப் பூதம் மட்டும் போதும்: ‘அக்கோ பூதெம் ஊ ஜாக்ரெபு’, ‘ஜாக்ரெப்பில் இருந்தால்’.

‘அக்கோ’வைத் தூக்கிவிட்டு ‘பூதே லி பாதாலா கிஷா’ என்று ஆரம்பித்தாலும் அதே பொருள். வானிலை அறிக்கை, அலுவலகக் கடிதங்களில் பார்த்துவிட்டு இது கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: ‘வருவானா தெரியவில்லை’ என்று சொல்ல ‘அக்கோ’ போட்டேன், முறைத்தார்கள்

இது தமிழ் செய்த பிழை இல்லை, ஆங்கிலத்தின் ‘இஃப்’ வழியாகக் கற்றதால் வந்தது. தமிழில் யோசித்தால் தானாகச் சரியாகிவிடும். ‘வருவானா’ என்பதில் உள்ள ‘ஆ’தான் குரோஷியனின் ‘லி’. ‘நே ஸ்னாம் ஹோச்சே லி தோச்சி.’ தெரியவில்லை, வருவானா. ‘ஆல்’ இல்லாத இடத்தில் ‘அக்கோ’வும் இல்லை.

‘ஆலும்’ என்பதற்கும் தமிழ் வழியே போகலாம். உம்மைக்கு ‘இ’, இல்லாததற்கு ‘தா’: ‘இ தா ஸ்னாம், நே பிஹ் தி ரெக்லா.’ தெரிந்தாலும் உனக்குச் சொல்ல மாட்டேன். நாம் உம்மையைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

அறிகுறி: கதை படிக்கிறேன், எங்கும் ‘பி’ இருக்கிறது, நிபந்தனை மட்டும் இல்லை

‘ஸ்வாக்கோ ல்யெத்தோ இஷ்லி பிஸ்மோ நா மோரே.’ ஒவ்வொரு கோடைக்கும் கடலுக்குப் போ... போகலாமா? போயிருப்போமா? எந்த நிபந்தனையில்?

எதிலும் இல்லை. ‘போவோம்’ என்று படியுங்கள். ‘சின்ன வயசில் தினமும் ஆத்துக்குப் போவோம், குளிப்போம், அப்பா வந்து அடிப்பார்’ என்று நாம் நடந்துபோன கதையை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோமே, அதே வேலையை அவர்கள் ‘பி’ வடிவத்தில் செய்கிறார்கள். இறந்தகால வழக்கம். ஆங்கில வழியில் படிப்பவர்களைவிட நமக்கு இது வேகமாகப் பிடிபடும். ‘காத் பி தோஷ்லா’ என்பதும் இதனால் இரண்டு பொருள் தரும்: ‘அவள் வந்தால்’ என்றும், ‘அவள் வரும்போதெல்லாம்’ என்றும். முன்னும் பின்னும் இரண்டு வரி படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துநடையில் இதையே ‘ஸ்வாக்கோ பிஸ்மோ ல்யெத்தோ’ என்று ‘ஒவ்வொரு’வுக்கும் ‘கோடை’க்கும் நடுவில் பிஸ்மோவைச் செருகி எழுதுவார்கள். இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது இடம். முதல் தடவை பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தேன்.

அறிகுறி: புத்தகத்தில் ‘பிஹ்’, தெருவில் ‘பி’

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. பிஹ், பி, பி, பிஸ்மோ, பிஸ்தே, பி என்பது எழுத்துமுறை. தெருவில் ஆறு பேருக்கும் ஒரே ‘பி’தான் பெரும்பாலும்: ‘யா பி’, ‘மி பி’. நீங்களும் பேச்சில் சொல்லலாம், எழுத்தில் கூடாது. ‘பிஸ்மோ’வை இரண்டாகப் பிரித்து எழுதுவது ஊர்க்காரர்களே செய்யும் பிழை, அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

கடலோர நகரமான ஸ்ப்ளிட் பக்கம் போனால் ‘சாம்’ என்பது ‘சான்’ ஆகும், ஆண்களின் ‘ஓ’ உதிர்ந்துவிடும். ‘தா சாம் ஸ்னாவோ, தோஷாவோ பிஹ்’, ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’, என்பது அங்கே ‘தா சான் ஸ்னா, தோஷா பி’. ஜாக்ரெப்புக்கு வடக்கே ஸாகோர்யே பக்கத்துத் தாத்தாக்கள் ‘ஸ்னால்’, ‘தோஷெல்’ என்று ‘ல்’ போட்டு முடிப்பார்கள். அந்த ‘ல்’தான் மூத்தது, எழுத்துமொழியில் சொல்லின் கடைசியில் வரும்போது அது ‘ஓ’ ஆகிவிட்டது. பெண்களின் ‘லா’வில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அறிகுறி: எல்லாம் சரியாகச் சொல்லியும் ஆங்கிலத்தில் பதில் வருகிறது

இதற்கு இலக்கணத்தில் மருந்து இல்லை. முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், உதவி செய்வதாக நினைத்துத்தான். என்னிடம் உள்ள ஒரே கருவி இது: ‘ராதியே பிஹ் நா ஹ்ர்வாத்ஸ்கோம்.’ குரோஷியனிலேயே பேசலாமே. காபி கேட்ட மாதிரியே, வினை இல்லை, ‘பிஹ்’ இரண்டாவது இடத்தில். போன வாரம் தபால் நிலையத்தில் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ‘தோப்ரோ’ என்று தலையாட்டிவிட்டு, பார்சல் விதிகளை முழு வேகத்தில் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் இரண்டு ‘அக்கோ’வும் ஒரு ‘பூதே’யும் பிடிபட்டன. மிச்சத்துக்கு அந்தப் படிவத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.